ஓர் எழுத்தைத் தேடி: சந்தா கட்டுமுன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

என் வாப்பும்மாவின் வாப்பாவுடைய பெயருக்கு முன்னால் ‘அ.’ என்று ஓர் எழுத்து உண்டு. அந்த ‘அ’ யார் என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. வாப்பும்மா ஐந்து வயதிலேயே தன் வாப்பாவை இழந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டபோது, காணி உறுதி, சான்றிதழ்கள், நிழற்படங்கள் எல்லாம் அலுமாரியிலேயே தங்கிவிட்டன. புத்தளத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய எங்கள் குடும்பம், இப்போது உரும்பிராயில் வாடகை வீடொன்றில் இருக்கிறது.

கடந்த நோன்பு விடுமுறையில் அந்த ‘அ’வைக் கண்டுபிடிக்கலாம் என்று இணையத்தில் இறங்கினேன். குடும்ப வரலாறு தேடும் தளமொன்று 14 நாட்கள் இலவசம் என்றது. நானாவின் வங்கி அட்டை இலக்கத்தைக் கொடுத்தேன். பதினைந்தாம் நாள் ஒரு வருடச் சந்தா முழுவதும் கழிந்துவிட்டது. கிடைத்த தகவல் ஒன்றுமில்லை. வாப்பா ஏசவில்லை, “இனி வாசிச்சுப்போட்டு அமத்து மகள்” என்று மட்டும் சொன்னார். அதனால்தான் வாசித்தேன். வாசித்து அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது கேள்வி: இந்தத் தளத்தில் எந்த நாட்டின், எந்த ஆண்டுகளின் பதிவுகள் உள்ளன? அன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ், ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற தளங்கள் எதையும் புதிதாக எழுதுவதில்லை. அரசுகளும் ஆலயங்களும் எப்போதோ எழுதிவைத்த ஏடுகளைப் படம்பிடித்து, பெயர் வாரியாக அட்டவணைப்படுத்திக் கொடுக்கின்றன. ஆகவே பழைய ஏட்டில் இல்லாத பெயர் அங்கும் இராது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1921இல் எடுத்த குடிசன மதிப்பீட்டின் வீட்டுப் படிவங்களை, நூறு ஆண்டுகள் கழிந்த பின் 2022இல் ஃபைண்ட்மைபாஸ்ட் பெயரோடு வெளியிட்டது. நம் நாட்டில் 1871 முதல் குடிசன மதிப்பீடு நடந்து வந்தாலும், அதன் அறிக்கைகளில் கிடைப்பவை தொகைகளே; ஆட்களின் பெயர்கள் அல்ல. அதே தளத்தில் ‘பிரித்தானிய இந்தியா’ என்ற பெரிய தொகுப்பைக் கண்டு நான் ஆசைப்பட்டேன். ஆனால் இலங்கை 1802இலேயே இந்தியக் கம்பனியின் பிடியிலிருந்து விலகி, தனி முடிக்குரிய குடியேற்ற நாடாகிவிட்டது. இந்திய ஏடுகளில் நம்மைத் தேடுவது அடுத்த வகுப்பு இடாப்பில் நம் பெயரைத் தேடுவது போன்றது. எந்தத் தொகுப்புகள் உள்ளன என்ற பட்டியலைக் காசு கட்டாமலே பார்க்கலாம். ‘சிலோன்’, ‘ஸ்ரீலங்கா’ என்ற இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: அந்த ஏட்டை எழுதியவர், நம்மவர்களின் பெயரை எழுதக் காரணம் இருந்ததா? இந்தத் தளங்களில் பெருந்தொகையாக இருப்பவை தேவாலயங்களின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவுகள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அவை பயன்படும். முஸ்லிம் வீட்டுக்கும் இந்து வீட்டுக்கும் வேறு ஏடுகள் வேண்டும். நமக்கு நெருக்கமானது நிக்காஹ் பதிவு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட பழைய பதிவுகளில் மணமகளின் கையொப்பத்துக்கு இடம் வைக்கப்பட்டிருக்கவில்லை. அவளுக்காக ஒப்பமிட்டவர் வலி. பெண்ணின் தந்தை வழியைத் தேடுபவருக்கு அந்த வலியின் பெயரே ஒரு கதவு.

மூன்றாவது கேள்வி: அந்தத் தளம் பெயரை எப்படித் தேடுகிறது? அவை பெரும்பாலும் ஐரோப்பியர் வழக்கப்படி, தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் குடும்பப் பெயரை எதிர்பார்க்கின்றன. நம்மிடமோ தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடுகிறது. முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறார்கள். நான் ஒரு விதமாக மட்டும் தேடியதால், எங்கெங்கோ பிறந்த ஆயிரக்கணக்கான அந்நியர் வந்து நின்றார்கள். சந்தேகமான எழுத்துகளுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இட்டுத் தேட முடியுமா, ஊரையும் ஆண்டையும் கொண்டு சுருக்க முடியுமா என்று முதலிலேயே பாருங்கள்.

நான்காவது கேள்வி: காசு எப்போது, எத்தனை மாதத்துக்குக் கழியும்? இரத்துச் செய்வது எப்படி? சேர்ந்த அன்றே முடிவுத் திகதியை நாட்காட்டியில் குறியுங்கள். உயிரோடிருப்பவர்களின் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றைக் குடும்ப மரத்தில் ஏற்ற வேண்டாம்.

அப்படியானால் சந்தா வீணா? இல்லை. பக்கத்து வீட்டு ரீச்சரின் பெரியப்பா 1950களில் கொழும்பிலிருந்து கப்பலேறி லண்டனுக்குப் படிக்கப் போனவர். 1878 முதல் 1960 வரை பிரித்தானியத் துறைமுகங்களில் வந்திறங்கிய பயணிகளின் பட்டியல்கள் அன்செஸ்ட்ரியில் உள்ளன. கனடாவிலிருக்கும் ரீச்சரின் மகன், தேட வேண்டிய பெயர்களை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டி அவரைக் கண்டுபிடித்தார். ரீச்சர் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறார். வெளிநாடு போனவரைத் தேடுவதற்குச் சந்தா உதவும். ஊரில் இருந்தவரைத் தேடுவதற்கு ஊரே உதவும்.

காசில்லாத வழிகளும் உண்டு. ஃபமிலிசேர்ச் என்ற தளத்தில் பதிந்தால் இலவசமாகத் தேடலாம். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் நம் நாட்டுப் பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள், பழைய பத்திரிகைகள் கிடக்கின்றன. ஒரு மலரின் விளையாட்டுக் குழுப் படத்துக்குக் கீழே வாப்பும்மாவின் தம்பி பெயரைக் கண்டேன். ஆனால் அங்கும் ‘அ’ வெறும் எழுத்தாகவே இருந்தது.

வழி காட்டியவர் ரீச்சர்தான். “பிள்ளை, பேர்த் சேட்டிபிக்கற் எடுத்தனீங்களோ?” என்று கேட்டார். நான் என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். பிள்ளையின் பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத ஒரு கூடு அதில் இருந்தது. எத்தனையோ தடவை நிழற்பிரதி எடுத்த தாள்; ஒருநாளும் முழுதாக வாசித்ததில்லை.

வாப்பும்மா பிறந்தது 1957இல், யாழ்ப்பாண நகரில். பிறப்பு எங்கே பதியப்பட்டதோ அந்தப் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். உரும்பிராயில் பிறந்த ரீச்சருக்கு அது கோப்பாய், எங்களுக்கு யாழ்ப்பாணம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால், ஆண்டைச் சொல்லி ஏட்டைத் தேடித் தரும்படி விண்ணப்பிக்கலாம். கட்டணம், நான் இழந்த சந்தாவின் பக்கத்திலும் வராது. வாப்பும்மாவும் நானும் பலாலி வீதி பஸ்ஸில் இரண்டு முறை போய் வந்தோம்.

பிரதி கிடைத்த அன்று அந்தக் கூட்டை நான் வாசித்துக் காட்டினேன். ‘அ’வுக்கு ஒரு முழுப்பெயர் இருந்தது. பிறந்த ஆண்டு 1888, இடம் யாழ்ப்பாணம். வாப்பும்மா அந்தப் பெயரை மூன்று தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “இந்தப் பேரைத்தான் என்ர பெரிய மாமி பேரனுக்கு வச்சா. ஏனெண்டு இப்பதான் விளங்குது” என்றார்.

சகோதரிகளே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்து அந்தக் கூட்டை வாசியுங்கள். பெற்றோரே, உங்களுடையதையும் உங்கள் பெற்றோருடையதையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், அவர்கள் பக்கத்தில் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். சந்தாத் தளங்கள் அடுத்த வருடமும் இருக்கும்.