நமக்குச் சளி, சித்தப்பாவுக்கு நிமோனியா

ஐப்பசி மழை தொடங்கியதும் அயோத்தியாப்பட்டணத்தில் வீட்டுக்கு வீடு தும்மல் சத்தம் கேட்கும். பள்ளியில் ஒருவனுக்குச் சளி பிடித்தால் அடுத்த வாரமே பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் மூக்கு ஒழுகும். தூதுவளை ரசம், நான்கு நாள் ஓய்வு, சரியாகிவிடும். ஆனால் அதே வீட்டில் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் சித்தப்பா ஒருவர் இருந்தால்? அந்தச் சளி அவருக்கு நிமோனியாவாக முற்றிவிடக்கூடும். ஒரே வைரஸ் இருவரிடம் இப்படி வேறுபட்டு நடப்பது ஏன்?

நம் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. இவற்றுள் வைரஸை எதிர்ப்பதில் முதன்மையானவை லிம்ஃபோசைட்டுகள். பி அணுக்களின் வழியே உண்டாகும் எதிர்ப்பொருள் வைரஸைப் பற்றிக்கொள்ளும். டி அணுக்களில் ஒரு வகை, வைரஸ் புகுந்துவிட்ட நம் உயிரணுவையே அழித்துவிடும்.

லுகீமியாவில் வெள்ளணுக்கள் இலட்சத்தையும் தாண்டலாம். 'படை பெருகினால் நல்லதுதானே?' என்று கேட்பீர்கள். போரிடத் தெரியாத படை அது! பயனற்ற அவ்வணுக்கள் எலும்பு மஜ்ஜையில் இடத்தை அடைத்துக்கொண்டு நல்லணுக்களைப் பிறக்கவிடுவதில்லை. சிகிச்சை மருந்துகளோ புற்றணுவோடு நல்லணுவையும் சேர்த்தே அழிக்கின்றன. ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து அகற்றிய பி அணுக்கள் மீண்டுவர ஆறு மாதத்திற்கு மேலும் ஆகலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1986இல் தொடங்கியது. அத்தகைய சிகிச்சைக்குப் பின் உடலின் எதிர்ப்பாற்றல் பிறந்த குழந்தையினுடையதைப் போல் மறுபடி முதலிலிருந்து வளர வேண்டும். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளைக்கூடத் திரும்பப் போடுகிறார்கள்!

ஆகவே ஃபுளூ, ஆர்.எஸ்.வி., கொரோனா, ஏன், வெறும் ஜலதோஷம் தரும் ரைனோ வைரஸ்கூட இவர்களிடம் வாரக்கணக்கில் தங்கிவிடும். மூக்கில் தொடங்கியது நுரையீரலுக்கு இறங்கும். அங்கே பாக்டீரியாவும் பூஞ்சையும் பின்தொடரலாம். காய்ச்சல் என்பது உடல் காட்டும் எதிர்ப்பே. எதிர்க்கும் அணுக்கள் குறைந்தவரிடம் அது மந்தமாகவே தோன்றலாம். சிறு இருமல்தானே என்று விட்டுவிடக் கூடாது.

மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது வைரஸைத் தொடுவதே இல்லை. ஃபுளூவுக்கு ஓசெல்டாமிவிர் உண்டு. நோய் கண்ட இரண்டு நாளுக்குள் கொடுத்தால் நல்ல பயன் தரும். ரைனோ வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் வரவில்லை.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஃபுளூ மிகும். எனவே அதற்கு முன்பே தடுப்பூசி போடுவது நல்லது. இங்கே ஒரு சிக்கல்: எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்களே குறைந்தவருக்குத் தடுப்பூசி முழுப் பயன் தருவதில்லை. அவருக்குப் போடுவதோடு, உடன் இருப்பவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும். அதாவது சித்தியும் பாட்டியும் நீங்களும்.

உங்களுக்குச் சளி பிடித்தால் குணமாகும்வரை வேறு அறையில் படுங்கள். ஒரே அறை வீடு என்றால் முகக்கவசம் அணிந்து, சன்னலைத் திறந்து வையுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சித்தப்பாவின் உடல்வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.