வாசல் வெளிச்சம் போதும்... உங்கள் வீடும் ஓர் ஓவியம்தான்!

காலை எட்டு மணி. சிவகாசி பக்கத்து எம்.புதுப்பட்டி போன்ற ஊர்களில் வாசல் கதவைத் திறந்தால், பாய் விரித்தாற்போல வெயில் தரையில் விழும். அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகளுக்குத் தலை பின்னுவார்கள், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தூக்குவாளியில் சோறு எடுத்து வைப்பார்கள். சுவரில் சிவகாசி காலண்டர் தொங்கும். காலண்டர் படத்தைப் பார்க்கும் நாம், அதற்குக் கீழே நடக்கும் இந்தக் காட்சியைப் படமாகப் பார்த்திருக்கிறோமா?

150 வருடங்களுக்கு முன்பு பாரீஸில் ஒருவர் பார்த்தார். அவர் பெயர் குஸ்தாவ் கைபோத். ஒரு வீட்டுக்குள் மூன்று தொழிலாளிகள் மண்டியிட்டு மரத்தரையை இழைக்க, ஜன்னல் வெளிச்சம் அவர்களின் முதுகிலும் தரையிலும் மின்னுவதை 1875-ல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அரசுக் கண்காட்சி அதை நிராகரித்தது. மறு வருடம் மோனே, ரெனுவார் உள்ளிட்ட 'இம்ப்ரெஷனிஸ்ட்' ஓவியர்களின் கண்காட்சியில் அது இடம்பிடித்தது. இன்று பாரீஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம்ம ஊரில் அந்தக் கண் ஓவியர் இளையராஜாவுக்கு இருந்தது. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். அவருடையது தத்ரூப பாணி. ஆனால், அடுப்படியிலும் ஜன்னலோரத்திலும் நிற்கும் மாநிறப் பெண்கள் மீது விழுந்த வெளிச்சம்தான் அவர் ஓவியங்களின் உயிர். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. நம் வீட்டு அரையிருட்டும் அழகுதான் என்று அவர் காட்டியது மட்டும் நிற்கிறது.

நீங்களும் வரையலாம்!

* டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு கதவு அல்லது ஜன்னல் வெளிச்சம் போதும். வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், தொடங்கும்போதே மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

* கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். வெளிச்சம், நடுத்தரம், நிழல் என மூன்று திட்டுகளாகத் தெரியும். ஆட்களையும் சாமான்களையும் கோடு போட்டு வரையாமல், இந்தத் திட்டுகளை முதலில் வையுங்கள்.

* நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் பழுப்பைக் கலந்தாலே ஆழமான இருட்டு கிடைக்கும். வெயில் மஞ்சளாக இருந்தால், பக்கத்து நிழல் நீலமாகவோ ஊதாவாகவோ தெரியும்.

* வைத்த தீற்றலைத் தேய்த்துச் சமன் செய்யாதீர்கள். தள்ளி நின்று பார்த்தால் அதுவே உருவமாகிவிடும்.

* தூக்குவாளியின் பளபளப்புக்குக் கடைசியில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு!

கந்தலில் கவனம்!

பட்டாசு, தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர்களில் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டர்பன்டைன் சட்டென்று தீப்பிடிக்கும். அதைவிட ஆபத்து, எண்ணெய் வண்ணத்தில் சேரும் ஆளிவிதை எண்ணெய். அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்துதான் காயும்; அப்போது சூடு உண்டாகும். அந்த எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் சூடு உள்ளேயே தங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளலாம்.

எனவே, துணிகளை வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள். அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். மருந்தோ, குழாய்த் தாளோ, தீக்குச்சியோ இருக்கும் இடத்தில் ஓவியப் பொருள்களை வைக்கவே வேண்டாம்.

நாளைக் காலை கதவைத் திறக்கும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தலை பின்னிவிடும் அம்மாவின் கையில் வெயில் விழும். வரைய அது போதும்!