மேற்கோள்களால் ஆராய்ச்சியாளரை அளத்தல்

மும்பை மாட்டுங்காவில் இரசாயனத் தொழில்நுட்ப நிலையம் அமைந்துள்ளது. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கப்பெற்ற இதில் அடுத்த ஆண்டே ஆசிரியராகச் சேர்ந்து, 1938 முதல் 1957 வரை தலைமை வகித்தவர், சென்னையிற் பிறந்த பேராசிரியர் கே. வெங்கடராமன். சாயப் பொருள்களின் இரசாயனத்தில் உலகப் புகழ் எய்திய இவர், பின்னர் புனே தேசிய இரசாயன ஆராய்ச்சிச்சாலையின் முதல் இந்திய இயக்குநரானார். இத்தகைய ஒருவரது ஆராய்ச்சியின் அளவு என்ன என்று இன்று கேட்டால், கணிப்பொறி சில நொடிகளில் ஓர் எண்ணைத் தந்துவிடும். பதவி உயர்வும் ஆராய்ச்சி நிதியும் பல இடங்களில் இத்தகைய எண்களை ஒட்டியே முடிவு செய்யப்படுவதால், அவ்வெண் எவ்வாறு பெறப்படுகிறது, எதைக் காணத் தவறுகிறது என்பதை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஆராய்ச்சிக் கட்டுரை ஒவ்வொன்றின் இறுதியிலும், அதற்கு உதவிய முந்தைய கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். இப்பட்டியல்களை எல்லாம் திரட்டித் திருப்பி அடுக்கினால், ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் எடுத்தாண்டனர் என்பது புலப்படும். அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் வெளியிட்ட கருத்து இதுவே. ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எங்கெங்கே எடுத்துக்காட்டின என்று வழக்கறிஞர்கள் தேடுவதற்கு அந்நாட்டில் 1873 முதல் வழங்கிய அட்டவணையே அவருக்கு வழிகாட்டிற்று. அவருடைய நோக்கம் ஆராய்ச்சியாளர்க்கு வேண்டிய கட்டுரையைத் தேடித் தருவதாகும். மனிதரைத் தரம் பிரித்தல் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. நூலகப் பணிகளைக் கணித முறையில் அளக்கலாம் என்று அவருக்கும் முன்னதாக, 1948-இல், இங்கிலாந்தில் நடந்த மாநாடொன்றில் நம் எஸ். ஆர். இரங்கநாதன் எடுத்துரைத்தார் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

இன்று பெரிதும் வழங்குவது எச் எண். அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஹிர்ஷ் 2005-இல் இதனை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் அடுக்குக. ஆறு கட்டுரைகள் முறையே 30, 12, 9, 5, 4, 1 முறை எடுத்தாளப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நான்காவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள்கள் உள்ளன; ஐந்தாவதற்கோ நான்குதான். ஆகவே எச் எண் 4. மற்றொருவர் ஐந்து கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றும் ஐந்து முறை எடுத்தாளப்பட்டால் அவருடைய எச் எண் 5. முதலாமவருக்கு மொத்தம் 61 மேற்கோள்கள்; இரண்டாமவருக்கு 25 மட்டுமே. எவர் மேலானவர் என்பதை எண் சொல்லவில்லை. எதை எண்ணுவது என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்தாம் சொல்கிறார்.

செம்பூரை அடுத்த டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நூலகப் பிரிவினர் 1990-களில் இக்கலையை நிதானமான முறையிற் கையாண்டனர். கடேமனி, கல்யாணே முதலியோர் சர் சி. வி. இராமன், எஸ். சந்திரசேகர் ஆகியோரின் வெளியீடுகளைத் திரட்டி ஆராய்ந்து, எந்த வயதில் எவ்வளவு எழுதினர், தனித்து எழுதியவை எவை, யாருடன் கூடி எழுதினர், எந்தச் சஞ்சிகைகளை நாடினர் என்று விரிவாக வரைந்தனர். ஒற்றை எண்ணைக் காட்டிலும் இத்தகைய சித்திரமே ஓர் ஆராய்ச்சி வாழ்க்கையை விளக்க வல்லது என்பது என் கருத்து.

வெங்கடராமனிடம் திரும்புவோம். பூக்களிலும் இலைகளிலும் காணப்படும் ஃபிளேவோன் என்னும் மஞ்சள் நிறப்பொருளை ஆய்வுக்கூடத்தில் ஆக்குவதற்கு, மூலக்கூறின் ஒரு பகுதியை ஆக்சிஜன் அணுவிலிருந்து கார்பன் அணுவுக்கு இடம் மாற்றும் வினையொன்று உதவுகிறது. இங்கிலாந்தின் வில்சன் பேக்கர் 1933-இல் அதனை வெளியிட்டார். லாகூரில் பணியாற்றிய வெங்கடராமனும் அவருடைய மாணவர் மஹலும் தனியே கண்டறிந்து 1934-இல் லண்டன் இரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டனர். பேக்கர்–வெங்கடராமன் இடமாற்றம் என்று பாடநூல்களில் இன்று பெயர் பெற்ற வினை இதுவே. ஆயின் அப்பெயரை எழுதுவோர் பலர் 1934-ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பதில்லை. பெயரே போதுமென விட்டுவிடுவர். ஒரு கண்டுபிடிப்பு அறிவின் பொதுச் சொத்தாகக் கலந்ததும் அதன் மூலம் மறைந்துபோவதைச் சமூகவியல் அறிஞர் மெர்ட்டன் எடுத்துக்காட்டியுள்ளார். ஆக, முழு வெற்றி பெற்ற கட்டுரையே கணக்கில் குறைந்து தோன்றுதல் கூடும்!

நூல்களின் நிலையும் அன்னதே. 1952-இல் தொடங்கிப் பல தொகுதிகளாக அவர் வெளிக்கொணர்ந்த செயற்கைச் சாயங்களின் இரசாயனம் பற்றிய பெருநூல் அத்துறைக்கே ஆதாரமாயிற்று. மேற்கோள் அட்டவணைகளோ நெடுங்காலம் சஞ்சிகைகளையே முதன்மையாகக் கொண்டு தயாரிக்கப்பட்டன. களப்பணியாளர் உழவர்க்கெனத் தமிழில் எழுதும் துண்டு வெளியீடு, எத்தனை வயல்களைக் காத்தபோதிலும், அக்கணக்கில் ஏறுவதேயில்லை. கணிதத்தில் மேற்கோள்கள் குறைவாகவும் மருத்துவத்தில் மிகுதியாகவும் வருதல் இயல்பாதலால், துறை மாற்றி ஒப்பிடுதலும் தகாது.

எண்ணுக்கு விலை ஏற்பட்டால் போலியும் தோன்றும். பல்கலைக்கழக மானியக் குழு 2010-ஆம் ஆண்டு விதிகளில் கட்டுரைகளுக்குப் புள்ளி வழங்கியதை அடுத்து, பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் சஞ்சிகைகள் பெருகின. குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 சஞ்சிகைகளை நீக்கிற்று. பின்னர் வந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டு, தரம் காணும் பொறுப்பு கல்வி நிலையங்களிடமே விடப்பட்டது. சஞ்சிகையின் மதிப்பெண்ணைக் கொண்டு தனி மனிதரை எடை போடலாகாது என்று 2012-இல் உருவான சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் கூறுவதைத் தேர்வுக் குழுவினர் கருத்திற் கொள்ளலாம். விண்ணப்பதாரரின் சிறந்த கட்டுரைகள் ஐந்தைக் கேட்டு வாங்கிப் படிக்க ஒரு பிற்பகல் போதுமன்றோ?

தமிழர்க்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தலைப்பெழுத்தும் இயற்பெயருமே உள்ளன. கே. வெங்கடராமன் என்னும் பெயருடையோர் பலரின் கட்டுரைகளை இயந்திரம் ஒருவர் தலையிற் கட்டிவிடலாம். ரோமன் எழுத்தில் அதே பெயரை ஓரிடத்தில் ஓர் உயிரெழுத்து குறைய எழுதினால், ஒருவரே இருவராகப் பிரிந்துவிடுவார். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொள்ளும் ஆசிரியைகளின் முற்காலக் கட்டுரைகள் வேறொருவருடையனவாகத் தோன்றுவதும் இதனாலேயே. 2012 முதல் ஓர்கிட் என்னும் அமைப்பு ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க எண்ணொன்றைக் கட்டணமின்றி வழங்கி வருகிறது. முதற் கட்டுரையை அனுப்புமுன்பே இதனைப் பெறுதல் நன்று. ஏற்கெனவே வெளியானவற்றையும் பின்னர் அதன்கீழ்ச் சேர்த்துக்கொள்ளலாம்.