தலைகீழாக நின்ற சங்கராபரணம்

பெங்களூரில் பாட்டு வகுப்புக்குப் போகும் என் செல்லங்களே! வயலின் வடிவில் கட்டிய சௌடையா மண்டபத்தில் கச்சேரி கேட்டிருப்பீர்கள். பாடகர் ஒரே வரியை விதவிதமாகப் பாடுவார். "அது எப்படி?" என்று அம்மாவைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் சபாஷ்!

அதுதான் நிரவல். சொல்லும் ராகமும் தாளமும் அப்படியே இருக்கும். சுரங்கள் மட்டும் புதிது புதிதாக வரும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மாற்றுவது. சரிதானே?

ஜெர்மனியில் பாக் என்ற மேதையும் இதைச் செய்தார். 1741-இல் அச்சான அவருடைய 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' ஒரு சின்னப் பாட்டில் தொடங்கும். அதன்மேல் 30 மாறுபாடுகள். அவர் பிடித்துக்கொண்டது மெட்டை அல்ல, அடியில் ஒலிக்கும் கனத்த சுரங்களை. வாசலில் பாட்டி அதே புள்ளிகளை வைத்து, தினம் வேறு கோலம் போடுவாரே, அதைப் போல.

டான் டெப்ஃபர் என்று ஒரு ஜாஸ் பியானோ கலைஞர். வானியற்பியல் படித்தவர்! 2011-இல் வந்த இசைத்தட்டில், பாக்கின் ஒவ்வொரு மாறுபாட்டையும் எழுதியபடி வாசித்தார். உடனே அதன்மேல் தன் மனோதர்மத்தில் ஒன்று. எல்லாம் தனி ஆளாக, பியானோவில்.

பிறகு இன்னொன்று செய்தார். கட்டைகள் தாமே அசையும் பியானோவைக் கணினியோடு இணைத்தார். அவர் வாசித்ததைக் கணினி தலைகீழாகத் திருப்பி வாசித்தது. ஏறிய சுரம் இறங்கும், இறங்கியது ஏறும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் இதை நீங்களே செய்யலாம்!

கீபோர்டை எடுங்கள். நடுவில், இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தை ஒட்டி இடப்பக்கம் உள்ள வெள்ளைக் கட்டைதான் நம் 'ஸ'. வெள்ளையில் மட்டும் மேல் ஸ வரை ஏறுங்கள். சங்கராபரணம்! கறுப்பையும் சேர்த்து எண்ணினால், ஒவ்வொரு சுரத்துக்கும் நகர்வது 2, 2, 1, 2, 2, 2, 1 கட்டைகள். எண்ணிவிட்டீர்களா?

இப்போது அதே 'ஸ'விலிருந்து அதே கணக்கில் கீழே இறங்குங்கள். என்ன கேட்கிறது? தோடி! பளிச்சென்ற சங்கராபரணத்துக்குள் தோடி இருந்திருக்கிறது, பாருங்கள்.

சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளையைத் திருப்பினால்? அதன் கணக்கு 1, 3, 1, 2, 1, 3, 1. முன்னும் பின்னும் ஒன்றே! அதனால் திருப்பினாலும் அதே ராகம்தான் வரும். கர்நாடகத்தின் புரந்தரதாசர்தான் அந்த ராகத்தில் முதல் பாடங்களை அமைத்தார் என்பார்கள். எவ்வளவு அழகான ராகத்தில் தொடங்கியிருக்கிறீர்கள்!

கல்யாணிக்குக் கணக்கு 2, 2, 2, 1, 2, 2, 1. அதைத் திருப்பினால் ஒரு முக்கியமான சுரமே காணாமல் போகும். எது? வாசித்துக் கண்டுபிடியுங்கள்.