பழைய டிராக்டருக்குப் புது உறுப்பு

சென்னையிலிருந்து கல்கத்தா ரஸ்தாவில் வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் கும்மிடிப்பூண்டி வரும். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு லாரி லாரியாகப் போகிறது. கட்டடக் கம்பியாக மறுபிறவி எடுக்கிறது. அந்த ஆலைகளுக்குச் சற்று தூரத்தில், தம்முடைய டிராக்டரும் பழைய இரும்பாகிவிடுமோ என்று ஒரு விவசாயி கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

நவரைப் பட்டம். வயலில் தண்ணீர் கட்டியாகிவிட்டது. நாற்றங்காலில் நாற்று நாளுக்கு நாள் முதிர்கிறது. சேடை ஓட்டவேண்டிய வண்டியோ, பல்சக்கரப் பெட்டியில் ஒரு பேரிங் நொறுங்கி, புளியமரத்தடியில் தவம் செய்கிறது!

அது ஹெச்.எம்.டி. டிராக்டர். செக்கோஸ்லோவேகிய நாட்டு ஜீட்டர் வண்டியை மாதிரியாகக் கொண்டு, 1971-ல் ஹரியானாவிலுள்ள பிஞ்ஜோரில் நமது சர்க்கார் தொழிற்சாலை தயாரிக்கத் தொடங்கியது. அந்த டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய மந்திரிசபை அனுமதி அளித்தது. பிள்ளை உழைக்கத் தயார். பெற்ற வீடுதான் இல்லை. 1960-ல் சென்னையில் தோன்றிய டாஃபே கம்பெனியின் மாஸி பெர்குஸன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. கம்பெனியும் இருக்கிறது, விற்பனையாளர்களும் இருக்கிறார்கள்.

நமது விவசாயி மூன்று கடை ஏறி இறங்கினார். "ஹெச்.எம்.டி. சாமானா? வருவதில்லை" என்று மூவரும் கையை விரித்தார்கள். கடைசியில் ஒரு முதிய மெக்கானிக், உடைந்த பேரிங்கைத் துணியால் அழுந்தத் துடைத்தார்.

"வண்டிப் பேரைச் சொன்னா இல்லேன்னுதான் சொல்லுவாங்க, ஐயா. இதிலே இருக்கிற நம்பரைச் சொல்லுங்க" என்றார்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பேரிங் எண்கள் உலகமெங்கும் பொதுவானவை. உதாரணமாக, 6205 என்றால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. யார் செய்தாலும் இதே அளவுதான். ஆயில் சீலிலும் பெரும்பாலும் அளவு பொறித்திருக்கும். ஆகவே இவற்றுக்கு டிராக்டர் கடையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. பேரிங் கடையிலேயே கிடைக்கும்.

மற்ற உறுப்புகளுக்கு வண்டியின் மாடலும், தகட்டிலுள்ள வரிசை எண்ணும், உறுப்பின் எண்ணும் வேண்டும். கம்பெனிகள் பழைய எண்ணை மாற்றிப் புது எண் கொடுப்பதுண்டு. விற்பனையாளரிடம் பழைய எண்ணைச் சொன்னால் புதியதைத் தேடிக் கொடுப்பார். கிராங்க் ஷாப்டைக் கடைசல் பிடித்திருந்தால், எவ்வளவு தேய்த்தது என்பதையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் வாங்கிய பேரிங் பொருந்தாது. கூடிய வரையில் உடைந்த சாமானையும் கையோடு கொண்டுபோவது உத்தமம். பல்சக்கரத்துக்கு மட்டும் இந்தப் பொது எண் உதவாது. பிரித்து விற்கும் பழைய வண்டிகளில்தான் தேடவேண்டும்.

மறுநாள் மாலை புளியமரத்தடி காலியாக இருந்தது. டிராக்டர் வயலில் சேடை ஓட்டிக்கொண்டிருந்தது. விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வண்டியின் எண்களையெல்லாம் தம் பெண்ணின் பள்ளிக்கூட நோட்டில் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உருக்காலை அடுப்பு இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கட்டும்!