குளிர்காலையில் நடுங்கும் டீசல் எந்திரம்

கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் அமைந்த நுவரெலியாவில், சனவரி விடியலில் மரக்கறி ஏற்றச் செல்லும் டீசல் பிக்கப் வாகனங்கள் சில, நடுங்கி வெண்புகை கக்குவதைக் காண்கின்றோம். டீசல் எந்திரத்தில் தீப்பொறி இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளை எரிக்கின்றது. குளிர்ந்த உருளைச் சுவர்கள் அவ்வெப்பத்தை உறிஞ்சிவிடுமாதலால், குளோ பிளக்குகள் முன்கூட்டியே சூடேற்றுகின்றன. நான்கில் ஒன்று பழுதாயின், அவ்வுருளையில் எரியாத டீசலே வெண்புகையாகின்றது. எந்திரம் சூடேறியதும் நடுக்கம் தணியும்.

எனவே, விலைமிக்க எரிபொருட் பம்பியைக் கழற்றுமுன், மின்கலவடுக்கின் வலுவைச் சோதித்தல் வேண்டும். அடுத்து, பிளக்குகளை இணைக்கும் உலோகப் பட்டியை அகற்றி, ஒவ்வொன்றின் தடையையும் பல்மானியால் அளத்தல் வேண்டும். பொதுவாக நல்ல பிளக் ஓரிரு ஓம் தடையே காட்டும். முடிவிலி காட்டுவதை மாற்றுதல் வேண்டும். அனைத்தும் நன்றாயின், அவற்றுக்கு மின்னோட்டம் செல்கின்றதா என நோக்குவோம். சூடேறிய பின்னரும் நடுக்கம் தொடருமாயின், அப்பொழுதே எரிபொருள் தெளிப்பியையும் உருளையின் அமுக்கத்தையும் ஐயுறல் தகும். அளந்தறிந்த பின்னரே செலவு செய்தல் முறையாகும்.