இஸ்மாயீல்: ஒரு பெயரும் அதைத் தாங்கியோரும்

சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவ சமயப்பணி நிலையமாக உருவான ஊர். அங்கு வாசிக்கப்படும் தமிழ் விவிலியத்தில் ‘இஸ்மவேல்’ என்றும், அருகே சிவகாசிப் பள்ளிவாசலில் ஓதப்படும் திருக்குர்ஆனில் ‘இஸ்மாயீல்’ என்றும் வழங்கப் பெறுபவர் ஒருவரே. எனினும் விருதுநகர் வட்டாரக் கிறித்தவ இல்லங்களில் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, சாமுவேல் எனும் பெயர்கள் மலிந்திருக்க, இஸ்மவேல் என்று பெயர் சூட்டப்பட்ட பிள்ளையைக் காண்பது அரிது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் ஆகாரை அடிமைத்தனத்தின் உருவகமாக ஆக்கியதும் இதற்கு ஒரு காரணம் எனலாம். விளைவாக, எபிரேய வேதம் புறந்தள்ளிய பெயர் இது என்றதோர் எண்ணம் பிறரிடம் மட்டுமின்றி நம்மவரிடையேயும் படிந்துவிட்டது. மூலநூல் கூறுவதோ வேறு.

எபிரேயத்தில் இப்பெயர் ‘யிஷ்மாஏல்’. ‘ஷாமா’ என்பது கேட்டல். ‘ஏல்’ என்பது இறைவன். ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில், பாலைவன நீரூற்றின் அருகே தனித்திருந்த ஆகாருக்கு, அதாவது அன்னை ஹாஜராவுக்கு, வானவர் தோன்றி, அவருடைய துயரை இறைவன் செவியுற்றதன் அடையாளமாகப் பிறக்கப்போகும் மகனுக்கு இப்பெயரை இடுமாறு கூறுகிறார். பிறக்குமுன்னரே இறைவன் புறத்திலிருந்து பெயர் பெற்றவர் அவர். 21ஆம் அதிகாரத்தில் தாயும் மகனும் தண்ணீரின்றித் தவிக்கையில் இறைவன் செவியுறுவது சிறுவனின் குரலையே. அங்கே அவருடைய பெயர் குறிப்பிடப்படவில்லை. ஆனால் ‘செவியுற்றான்’ எனும் வினைச்சொல்லே அப்பெயரை ஒலிக்கிறது. தந்தையை மக்பேலா குகையில் நல்லடக்கம் செய்யும்போது இஸ்ஹாக், இஸ்மாயீல் இருவரும் சேர்ந்தே நிற்கின்றனர் (25:9). சொற்பொழிவுகளில் இவ்வசனம் இடம்பெறுவது ஏனோ அரிது.

திருக்குர்ஆன் இப்பெயரைப் பன்னிரண்டு இடங்களில் குறிப்பிடுகிறது. அவற்றுள் 14:39 தனித்துக் கருதத்தக்கது. முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் அருளிய அல்லாஹ்வைப் புகழும் நபி இப்றாஹீம் (அலை), தம் இறைவனைப் பிரார்த்தனையைச் செவியேற்பவன் என்கிறார். அவ்விடத்து ‘ஸமீஉ’ எனும் அரபுச் சொல்லும் எபிரேய ‘ஷாமா’வும் ஒரே வேரின. எபிரேய நூலில் வெளிப்படையாக விளக்கப்படும் பெயர்ப்பொருள், இங்கே அப்பெயருக்குச் சற்றுப் பின் வரும் சொல்லில் பொதிந்து கிடக்கிறது.

இனி, அப்பெயரைத் தாங்கிய பிறர். எபிரேய வேதத்தில் குலமூதாதையரைத் தவிர இன்னும் ஐவர் இஸ்மவேல் எனப் பெயர் பெற்றுள்ளனர், ஐவரும் இஸ்ரவேலர். ஒருவர் சவுல் அரசரின் வழித்தோன்றல். இன்னொருவர் யோசபாத் அரசர் காலத்து யூதாவின் தலைவரான செபதியாவின் தந்தை. மற்றொருவர், அத்தாலியாளை வீழ்த்திச் சிறுவன் யோவாசை அரியணையேற்றிய நூற்றுவர் தலைவர்களுள் ஒருவர்.

நான்காமவர்தாம் பெயருக்குக் களங்கம் தேடியவர்: அரச குலத்தவரான நெத்தானியாவின் மகன் இஸ்மவேல். எருசலேம் வீழ்ந்தபின் பாபிலோனியர் நியமித்த ஆளுநர் கெதலியாவை, மிஸ்பாவில் ஒன்றாக உணவருந்திய வேளையில் வாளால் வெட்டிக் கொன்றார் (எரேமியா 41). அந்நாளின் நினைவாக யூதர் இன்றளவும் நோன்பு நோற்கின்றனர். ஆயினும் அப்பழியால் பெயர் வழக்கொழியவில்லை. சிறையிருப்பிலிருந்து மீண்டோரைக் கூறும் எஸ்றாவின் நூலில் பஸ்கூர் குடும்பத்து ஆசாரியர் ஒருவர் இஸ்மவேல் என்றே காணப்படுகிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் எருசலேம் ஆலயத்தின் தலைமை ஆசாரியப் பதவியிலும் இப்பெயரினர் அமர்ந்தனர். இரண்டாம் நூற்றாண்டின் ரப்பி இஸ்மவேல் பெயரால் வழங்கும் பதின்மூன்று வேதவிளக்க விதிகள் யூதர்தம் காலைத் தொழுகை நூலில் இன்றும் உள்ளன. மூதாதையான இஸ்மவேல் தந்தையின் வாழ்நாளிலேயே மனந்திருந்தினார் என்னும் கருத்தும் தல்மூதில் உண்டு. நபிமார்களைப் பற்றிய நம் கொள்கைக்கு அது ஒவ்வாது. எனினும் அவர்கள் அவரை முற்றாக ஒதுக்கிவிடவில்லை என்பதற்கு அது சான்று.

இஸ்லாமிய ஆட்சி பரவியபின் யூதரிடையே இப்பெயர் அருகிற்று. முற்றிலும் மறைந்ததெனக் கூறுவதற்கில்லை. பதினோராம் நூற்றாண்டுக் கிரனாடாவின் யூத அமைச்சரும் எபிரேயக் கவிஞருமான சாமுவேல், அரபு வழக்கில் இஸ்மாயீல் இப்னு நக்ரீலா என்றே அறியப்பட்டார்.

நம் மண்ணுக்கு வருவோம். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தபோது சிவகாசியும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1910இல்தான் இப்பகுதி புதிய இராமநாதபுரம் மாவட்டத்துக்குச் சென்றது. பழைமைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே அத்தகுதி உண்டு என்று 1949இல் அரசியல் நிர்ணய சபையின் மொழி விவாதத்தில் வாதிட்டவர் அவர். நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கியதோடு, கம்பராமாயண ஆய்வில் அறிஞர் மதிக்கும் இடம் பெற்றவர். நெருக்கடிநிலைக் காலத்தில் சென்னைச் சிறையில் நிகழ்ந்த கொடுமைகளை விசாரித்தது அவர் தலைமையிலான ஆணையமே. இறைவன் செவியுறுகிறான் எனும் பொருளுடைய பெயரைத் தாங்கியவர், அடிபட்ட கைதிகளின் முறையீட்டைக் கேட்க அமர்ந்தார்.

1991இல் உருவான நாகை மாவட்டத்துக்குக் காயிதே மில்லத்தின் பெயர் சூட்டப்பட்டது. விருதுநகரோ அப்போது காமராசர் மாவட்டம். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு 1997இல் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரிட்டதையொட்டி இப்பகுதியில் சாதிக் கலவரம் மூண்டது. தொடர்ந்து மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் அனைத்தையும் அரசு நீக்கியது. காமராசர் பெயரோடு காயிதே மில்லத் பெயரும் அகன்றது. அங்கும் பலகையில் இருந்தது பட்டப்பெயரே. தாய்தந்தையர் இட்ட இஸ்மாயீல் எனும் பெயர் அன்று.